வேனை மறித்த சாக்பீஸ் அக்கா

அந்தப் பட்டறையில் அவளுடைய சொந்தப் பேரைச் சொன்னால் முழிப்பார்கள். 'சாக்பீஸ் அக்கா' என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். பள்ளிக்கூடங்களில் கணக்குப் பாடத்துக்கு வைத்துக் காட்டுவார்களே, கனச்சதுரம், கூம்பு, ஆறு மூலைத் தூண், அந்த மரக்கட்டைகளைச் செய்யும் பட்டறை அது. செய்ததைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. அடுக்குமுன் கட்டையின் முகங்களை எண்ணுவாள். ஒரே முகத்தை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பாள், பிறகு துடைத்துவிடுவாள். பதினோரு வருஷமாக இதே பாடு.

பெட்டிகளின் மேல் பேரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். ஏழாம் வகுப்பில் அவளைக் கவிழ்த்ததே இங்கிலீஷ்தான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதற்காக மூளை சும்மா இருக்குமா? டெட்ரா என்று ஆரம்பித்தால் நாலு, பென்டா என்றால் ஐந்து, ஹெக்ஸா என்றால் ஆறு, ஆக்டா என்றால் எட்டு என்று தானாகவே பிடித்துவிட்டாள். இதெல்லாம் கிரேக்கக்காரன் கணக்கு என்று எவனும் அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டிலும் அதே பைத்தியம். டிவியில் ஆக்டோபஸ் வந்தால் அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு ஓடிவந்து கால் எண்ணுவாள்.

"அப்போ அக்டோபர் ஏம்மா பத்தாவது மாசமா இருக்கு?" என்று பஸ் ஓட்டும் புருஷன் ஒருநாள் குண்டைத் தூக்கிப் போட்டான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. காலண்டர் போட்டவன் எவனோ, அவனுக்கும் சேர்த்துத்தான் இவன் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

போன மாசம், சரக்கைச் சரிபார்த்து வேனில் ஏற்றிவிடும் செக்கர் ஓய்வு பெற்றார். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அக்காவுக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்டும்விட்டாள். சூப்பர்வைசருக்கு ஒரே இளக்காரம். "இங்கிலீஷ் தெரியாம செக்கரா? முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்" என்றான்.

வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஹெக்ஸாஹெட்ரான், முந்நூறு. அந்தப் பேரில் பட்டறையில் பெட்டியே கிடையாது. சூப்பர்வைசர் ஹெக்ஸாவை மட்டும் பார்த்தான். ஆறு மூலைத் தூண்களை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது வேன் வாசலில் அக்கா ஒரு தூணோடு நின்றிருந்தாள். அதில் எட்டு வெள்ளைப் புள்ளிகள்.

"சார், இது போகக் கூடாது. சுத்தி ஆறு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எட்டு முகம்."

"ஹெக்ஸான்னா ஆறுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சதே நீங்கதானேக்கா?"

"ஆறுதான். எதுல ஆறு? நம்ம ஆக்டாஹெட்ரான் கட்டைய எடுத்துப் பாருங்க. மூலை ஆறு, முகம் எட்டு. பேர்ல எட்டுதானே இருக்கு? டெட்ராஹெட்ரானுக்கு முகம் நாலு. அப்போ ஹெட்ரான்னு முடிஞ்சா முகத்தைத்தான் எண்ணணும். ஆறு முகமும் ஒரே மாதிரி இருக்கிறது நம்ம கனச்சதுரம்தான் சார்!"

"பகடைக்கட்டைக்கு இவ்வளவு நீளப் பேரா? நகருங்கக்கா. நீங்க சொல்றது தப்பா இருந்தா செக்கர் வேலைய மறந்துடுங்க."

தப்பாக இருந்துவிட்டால்? ஆனாலும் கால் நகரவில்லை. "என்னைத் தாண்டி வேன் போகட்டும், பார்க்கலாம்" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பயம் இருந்தது, அதைவிடப் பிடிவாதம் அதிகமாக இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வெளியே வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கனச்சதுரம்தாங்க கேட்டிருக்கோம்" என்றார் கணக்கு டீச்சர். "எங்க ஹெட்மாஸ்டருக்கு நீளப் பேரா எழுதினாத்தான் திருப்தி."

பட்டறையே கொல்லென்று சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்கதான் செக்கர்" என்றார் முதலாளியம்மா.

"நாளைக்கு எதுக்கும்மா? இன்னிக்கே வேலை கிடக்கே!" அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "முந்நூறையும் இறக்குங்க சார். நான் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் இனிமே வேன் கிளம்பும்."

அவன் வாட்ச்மேனைப் பார்த்தான், வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் பெட்டிக்கு அவனே தோள் கொடுத்தான்.