பாக்கெட் இல்லாத சட்டை

பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறேன். இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகும் எப்போதாவது நெஞ்சு பிடிக்கும். அப்போது நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்த மாத்திரை எப்போதும் என் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும்.

அன்று காலை வேலையில் நெஞ்சு பிடித்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கையைப் பாக்கெட்டுக்குக் கொண்டு போனேன். பாக்கெட் இல்லை. மெஷினில் எதுவும் விழக் கூடாதென்று எங்கள் யூனிஃபார்ம் சட்டைக்குப் பாக்கெட் வைப்பதில்லை. மாத்திரை, வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டையோடு லாக்கரில் இருந்தது. வேலைக்குத் திரும்பி மூன்று மாதமாகியும் இது எனக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்து மெஷின் ஏழுமலை என்னை உட்கார வைத்தார். “இன்னாண்ணா, இப்டி வேர்த்து ஊத்துது?”

லாக்கர் சாவியை நீட்டினேன். “சட்டைல மாத்திர கீது. எடுத்துனு வா.”

அவர் ஓடினார். எனக்குப் பயம்கூட வரவில்லை. வேறு யாருக்கோ வலிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை வைத்ததும் மெல்ல வலி இறங்கியது. “இத்த ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார். வேலையை மாற்றிவிடுவார்களோ என்றுதான் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்றே டாக்டரைப் பார்த்தேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்; வேலையை மாற்றவில்லை. இப்போது யூனிஃபார்ம் மாற்றியதும் மாத்திரையைப் பேண்ட் பாக்கெட்டில் வைக்கிறேன். மெஷினைப் போடும் முன் ஏழுமலை என் பக்கம் திரும்புவார்.

“மாத்திர கீதாண்ணா?”

“கீது.”

அதற்குப் பிறகுதான் அவர் தன் மெஷினைப் போடுவார்.