நான்கு பேர் சேர்ந்து போட்ட கணக்கு

போன வாரம் ஒரகடத்தில் பஸ் ஏறியபோது, ஷிப்ட் முடிந்த இளைஞன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிரீஸ் வாசனை, அதன் மேல் தாராளமாகப் பூசிய பவுடர் வாசனை. எனக்கு உடனே இருபடிச் சமன்பாடு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் டியூஷன் சார் அப்படித்தான் மணப்பார்.

முருகேசன் சார் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்து, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் இருந்தார். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த வாடகை அறைகளில் ஒன்று அவருடையது. சார் என்றாலும் மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வராத வயது. அவருடைய ஷிப்ட் மாறினால் எங்கள் டியூஷன் நேரமும் மாறும். "இன்னாப்பா, இந்த வாரம் உன் பொண்ணு செகண்ட் ஷிப்டா?" என்று, என்னோடு டியூஷன் படித்த பவானியின் அப்பாவை டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

பவானியின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறாவிட்டால் மகளின் படிப்பை நிறுத்தி, வல்லக்கோட்டையில் அத்தை வீட்டில் தையல் பழக விடுவதாகச் சொல்லியிருந்தார். பவானிக்குத் தையலும் பிடிக்காது, அத்தையையும் பிடிக்காது.

சார் எங்கள் நால்வரையும் பாயில் வரிசையாக உட்கார வைத்து, கம்பெனியில் தான் கண்டு வியந்த அசெம்ப்ளி லைன் ஏற்பாட்டைக் கணக்குக்குக் கொண்டுவந்தார். முதல் ஆள் கொடுக்கப்பட்டதை எழுதி நோட்டை நகர்த்த வேண்டும். அடுத்து நான், சூத்திரம் மட்டும். சேகர் எண்களைப் போட்டுச் சுருக்குவான். கடைசியில் பவானி சரிபார்த்து, விடைக்குக் கட்டம் போடுவாள். "லைன் நிக்கப்படாதுலே!" என்று சார் கைதட்ட, நோட்டுகள் பறக்கும். சேகர் விட்ட மைனஸ் குறியைப் பவானி ஓரக்கண்ணாலேயே பிடித்துவிடுவாள். "த பாரு, மறுபடி தப்பு. எடுத்துக்கினு போ."

காலாண்டுத் தேர்வு வந்தது. நான் எல்லாக் கேள்விக்கும் அழகாகச் சூத்திரம் எழுதி, மேற்கொண்டு தெரியாமல் அடிக்கோடு போட்டேன். சேகர் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் சுருக்கினான். பவானி வெறும் தாளோடு இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன் வரலாறு எழுதிக்கொண்டிருந்தான். காப்பியடிக்கிறாள் என்று டீச்சர் திட்டினார். "அய்ய, கணக்கு இன்னும் நம்மகிட்ட வரலியேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் எங்களிடம்.

பேப்பர் கொடுத்த அன்றே அவள் அப்பா சாரின் அறை வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். "இன்னா சார், பரிச்சையில நாலு பேரையும் ஒரே பெஞ்சுலயா குந்த வெப்பாங்க?"

சார் முகத்தில் பவுடர் வழிந்தது. "அண்ணாச்சி, முழுப் பரீட்சை வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

லைன் கலைந்தது. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு முழுக் கணக்கு. சாருக்கு அது சித்திரவதை. பவானி ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்க, அவர் வாட்சைப் பார்ப்பார், நகத்தைக் கடிப்பார், வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இருங்க சார். தொரத்தாதீங்க."

தேர்வு முடிந்த பிறகு நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ரிசல்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டரிலிருந்து சாக்லேட் பாக்கெட்டோடு ஓடினோம். எங்கள் நால்வரில் கணக்கில் பவானிக்குத்தான் அதிகம். அறைக் கதவைத் திறந்தவர் புது ஆள், லுங்கியில்.

"முருகேசனா? காண்ட்ராக்ட் முடிஞ்சு போன வாரமே ஊருக்குப் போயிட்டாம்லா."

போன் நம்பர் யாரிடமும் இல்லை. பவானி பாக்கெட்டைப் பிரித்து அவரிடமே நீட்டினாள்.

"எதுக்கு தங்கச்சி?"

"பாஸ் பண்ணிட்டேண்ணா. கணக்குல."

அந்த அறைகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பவானி காஞ்சிபுரத்தில் ஒரு வங்கியில் இருக்கிறாள். கவுண்டரில் முருகேசன் என்று யார் பெயரைக் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்ப்பாளாம். இதுவரை வந்ததெல்லாம் வேறு முருகேசன்கள்.