மகேந்திரராஜாவின் தேங்காய் எண்ணெய்

வெள்ளிக்கிழமைகளில் மகேந்திரராஜா சோற்றைக் கையால் தொடுவதில்லை. குசினித் தொட்டியருகே நின்று கடலைமாவு போட்டுக் கை தேய்க்கிறார். பிறகு தேசிக்காய்த் தோலால் தேய்க்கிறார். விரல்களை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். "போகேல்லை," என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு கதிரையில் அமர்கிறார்.

போகாமல் நிற்பது திமிங்கிலத்தின் மணம். கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிய திமிங்கில எண்ணெய். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவக்காரர், பகல் முழுவதும் அதில்தான் கை வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்கிறார். விரத நாளில் முடியவில்லை.

சிட்னியில் பரமட்டாவுக்குக் கிழக்கே ஆற்றோரத்தில், மோட்டார் எண்ணெய் கலக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் இரசாயனவியலாளர். கொழும்பில் சவர்க்காரத் தொழிற்சாலையில் இருந்தவர். இங்கே வந்ததும் கிடைத்த வேலை அதே தொழிற்சாலையில் பீப்பாய் கழுவுவது. கழுவிக் கழுவி, மனுப் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு வெள்ளைக் கோட்டும் ஆய்வுகூடத்தில் யன்னலோர மேசையும் கிடைத்தன. அந்தக் கோட்டை அவர் மனைவி விமலா ஞாயிறுதோறும் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுகிறார். ஆய்வுகூடத்தில் வேறு யாருடைய கோட்டும் அப்படி விறைத்து நிற்பதில்லை.

வேலை என்னவென்று கேட்டால் வாயால் சொல்லமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று வைத்து உரசிக் காட்டுவார். ஓட்டோமற்றிக் காரில் கியர் மாறும்போது உள்ளே இரும்புத் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கின்றன. வெடுக்கென்று பிடித்தால் கார் உதறும். வழுக்கிக்கொண்டே இருந்தால் நகராது. "பிடிக்கவும் வேணும் தம்பி, நோகவும் கூடாது," என்பார். அந்தப் பதத்தை எண்ணெய்க்குக் கொடுப்பது ஒரு வாளிக்கு ஒரு கரண்டி அளவு சேர்மானம். இதுவரை அந்தச் சேர்மானம் திமிங்கிலத்திலிருந்து வந்தது. எவ்வளவு சூட்டிலும் இரும்பை விட்டு விலகாது.

இந்த 1978ஆம் வருடத்தோடு மேற்கு அவுஸ்திரேலியாவில் திமிங்கில வேட்டை நிற்கப்போகிறது. தொழிற்சாலையில் இருக்கும் பீப்பாய்கள் வேகமாகக் காலியாகின்றன. கம்பனியின் அமெரிக்கத் தலைமையகம் தானே செய்த மாற்றுச் சேர்மானம் ஒன்றை அனுப்பத் தயாராக இருக்கிறது. அது வந்தால் சிட்னியில் ஆய்வுகூடம் தேவையில்லை. மேலதிகாரி கென் நல்ல மனிதர். குளிர்காலம் முடிவதற்குள் இங்கேயே ஒரு மாற்றுச் சேர்மானம் செய்து காட்டினால் ஆய்வுகூடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மகேந்திரராஜாவிடம் சொன்னார். செய்யாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை. பீப்பாய் கழுவும் கொட்டில் யன்னலிலிருந்தே தெரிகிறது.

மகேந்திரராஜா தேங்காய் எண்ணெயில் இறங்கினார். கொழும்பில் அவர் கை பழகிய பொருள் அது. அதன் கொழுப்பைப் பிரித்து, வேறு ஒன்றோடு இணைத்துக் காய்ச்சினார். முதலில் வந்தவை பிசினாகின. பிறகு ஒரு கலவை வந்தது. மாதக்கணக்கில் அடுப்பில் வைத்தும் நிறம் மாறவில்லை, தடிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து விமலாவைக் கூப்பிட்டுக் கையை நீட்டினாராம். "மணந்து பாரும்." "ஒண்டும் மணக்கேல்லையே." "அதுதான் சொல்லுறன்!"

மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் சனிக்கிழமை மாலைகளில் நம்மவர்கள் கூடும் வீடு கணக்காளர் தனபாலனுடையது. புட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தனபாலன் ஆரம்பிப்பார்.

"என்ன அண்ணை, இப்ப காருக்கும் எண்ணெய் முழுக்காமே? அரப்பும் வைக்கிறனீங்களோ?"

"சிரியும், சிரியும். உம்மடை காருக்கும் ஒருநாள் நான்தான் ஊத்துவன்."

"ஊத்துங்கோ. தாளிக்க மட்டும் வேண்டாம்."

கூடம் முழுக்கச் சிரிக்கும். மகேந்திரராஜாவும் சிரிப்பார். ஆனால் போகும்போது தனபாலனின் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, கியர் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கலவையைத் தன் பழைய ஹோல்டன் காரிலேயே ஊற்றி ஓட்டினார். வேலைக்கு, கடைக்கு, மலையடிவாரத்துக்கு என்று இலையுதிர்காலம் முழுவதும் ஓடியது. கியர் மாறுவது தெரியவில்லை. இங்கே குளிர்காலத்தின் கடைசி மாதமான ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை கென் அந்தக் காரைத் தானே ஓட்டிப் பார்த்து அமெரிக்காவுக்குப் பதில் எழுதுவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்திய வாரம் மகேந்திரராஜா காய்ச்சலில் படுத்துவிட்டார். கார் புல்தரையில் அசையாமல் நின்றது. இரவுகளில் அதன்மேல் உறைபனி படிந்தது.

சோதனை ஓட்டத்தைப் பார்க்க, சனிக்கிழமைக் கூட்டத்தில் அவரோடு பழகிய நான் அந்தத் திங்கள் காலை அவர் வீட்டுக்குப் போனபோது அவர் கோட்டுப் போட்டுத் தயாராக இருந்தார். கார்க் கண்ணாடியில் படிந்த பனியை விமலா சுரண்டிக்கொண்டிருந்தார். மகேந்திரராஜா எஞ்சினைத் தொடக்கிக் கியரைப் போட்டார். கார் நகரவில்லை. பிறகு குளிர்காய்ச்சல்காரனைப் போல் உடம்பெல்லாம் உதறி, ஒரு முழம் பாய்ந்து நின்றது.

எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, பொனெற்றைத் திறந்து, கியர் எண்ணெயின் அளவுகோலை உருவினார். சிவப்பு எண்ணெயில் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. மார்கழியில் போத்தலின் அடியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதை மலைநாட்டில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தானும் கொழும்பானும் பார்ப்பதில்லை.

"குளிர்ச் சோதனை செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"செய்தனான். ஒரு பகல், பிரிட்ஜிலை வைச்சு. சூட்டுக்கு மாதக்கணக்கு, குளிருக்கு ஒரு பகல்." துகளை நகத்தால் தொட்டார். அது உடனே உருகி மறைந்தது. "எண்ணெயைக் கெடுக்கிறது வெக்கைதான் எண்டு நினைச்சு வளந்த ஆள் தம்பி நான். குளிர் என்ன செய்யும் எண்டு என்ரை தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லை."

விமலா நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "இஞ்சருங்கோ. சூட்டுக்கு உருகுதுதானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டிட்டுக் கொண்டுபோங்கோ. அங்கை போய்ச் சேர எல்லாம் கரைஞ்சிடும். கென் ஓட்டிப் பார்க்கட்டும். ஆர் சொல்லப்போகினம்?"

விமலா சொன்னது சரி. பத்து மைல் ஓடினால் அந்த எண்ணெயில் எந்தக் குறையும் தெரியாது.

"வாற வருசம் ஆரோ ஒருத்தன்ரை கார் நாற்சந்தியிலை நிண்டு உதறும், விமலா."

"வாற வருசம்தானே? இந்த வருசம் எங்களுக்கு வேலை இருக்குமே." விமலாவின் குரல் உயரவில்லை. "திரும்பவும் பீப்பாயோ? உங்கடை முதுகு தாங்குமோ? நாப்பத்தொன்பது வயசிலை இன்னொருத்தன் உங்களுக்கு மேசை தருவானோ?"

மகேந்திரராஜா உள்ளே போய் ஒரு ஜாம் போத்தலும் மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டுவந்தார். அளவுகோல் இருந்த துவாரத்தில் குழாயை இறக்கி, வாயால் உறிஞ்சி எடுத்தார். துப்பிவிட்டு, போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். துகள்கள் உள்ளே மெல்லச் சுழன்றன. விமலா, தான் கஞ்சி போட்ட அந்தக் கோட்டின் தோளில் தெறித்திருந்த பனித் துகளைத் தட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உங்கடை காரிலை விடுறீங்களோ தம்பி? என்ரையை ஓட்டக்கூடாது, கரைஞ்சிடும். கென் இதைப் பார்க்கவேணும்."

என் கார் அவருடையதைவிடப் பழையது. கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்று ஆவியாய்ப் படிந்திருந்தது. பெருந்தெருவில் ஏறியதும் ஹீற்றரைப் போட்டேன். சூடான காற்று முழங்காலில் பட்டதும் அவர் கையை நீட்டி அதை நிறுத்தினார். பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். காய்ச்சல் இன்னும் முழுதாக விடாத அந்த மனிதர், தொழிற்சாலை வரும்வரை போத்தலை வெளியே குளிர்காற்றில் நீட்டிப் பிடித்தபடி வந்தார்.