அத்தையின் கையில் சாவிக்கொத்து

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, மதுரையில் உடற்கல்விப் பட்டப்படிப்பில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் கல்லூரியில் பரீட்சை வைப்பார்கள் என்பதை எங்கள் போடி வீட்டில் யாரும் முழுதாக நம்பவில்லை. விடுமுறைக்கு வந்தவளைப் பெண் பார்க்க, ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தது.

தண்ணீர்ச் சொம்பை வாங்கும்போதே மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். "ஆடுற ஓடுற படிப்பெல்லாம் எங்களுக்கு எதுக்கு? இதுவரைக்கும் படிச்சது போதும். வர்ற மாசமே முடிச்சிருவோம்." அப்பா சரியென்று தலையாட்டினார்.

"அத்தைய வெரசா கூட்டியா" என்று அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். எனக்கு அப்போது ஏழு வயது.

ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் அத்தை இருந்தாள். கதவைத் தள்ளியதும் நான் கண்டது இவ்வளவு: பட்டுச்சேலையோடு குப்புறக் கிடக்கிறாள்; முழங்கைகளும் கால்விரல்களும் மட்டும் தரையில்; உடம்பு பலகையாக விறைத்திருக்கிறது; தோள்கள் வெடவெடவென்று நடுங்குகின்றன; பல்லைக் கடித்திருக்கிறாள். வகுப்பில் ஒரு பையனுக்கு இப்படி வந்து பார்த்திருந்தேன்.

"அத்தைக்கு வலிப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். அத்தை தலை தூக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முன்னால் நின்ற மாப்பிள்ளையின் அம்மாவைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு மெல்லப் பக்கவாட்டில் சரிந்தாள்.

"இரும்பக் கொண்டா, இரும்பக் கொண்டா!"

அப்பா கடைச் சாவிக்கொத்தை நீட்ட, அந்த அம்மாளே அதை அத்தையின் உள்ளங்கையில் திணித்தார். "இறுக்கிப் புடி ஆத்தா." இரும்பு வலிப்பை நிறுத்தாது என்பது அத்தை படித்த முதலுதவிப் பாடத்திலேயே உண்டு. ஆனாலும் இறுக்கித்தான் பிடித்தாள்.

ஜீப்பு கிளம்பிப் போன பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "வலிப்பும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. பரீட்சைக்குப் பண்ற பயிற்சி. நீங்க பேசுனதக் கேட்டதும் கையும் காலும் சும்மா இருக்கமாட்டேன்னுருச்சு."

அப்பா மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். "அடிப்பாவி! அத அவுக நிக்கும்போதே சொல்றதுக்கென்ன?"

"வாய்ல வரலண்ணே."

"இரு, போன் போட்டுச் சொல்லிர்றேன்."

"சொன்னா நம்பிருவாகளாக்கும்? சீக்க மறைக்கிறோம்னுதான் நெனப்பாக" என்றாள் அம்மா. அப்பா எடுத்த போனைத் திரும்ப வைத்துவிட்டார்.

நான் ஒரு மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். ஒரு கல்யாணத்தையே கத்திக் கெடுத்திருக்கிறேன். நிச்சயம் குட்டு விழும். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்து, வந்தவர்களுக்கென்று கிண்டிய கேசரியைத் தட்டோடு கொடுத்தாள்.

"அம்புட்டும் ஒனக்குத்தான், தின்னுடி."

அடுத்த வாரம் அவள் கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். அத்தை என்னை மன்னித்துவிட்டாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.