தேவி மூச்சைப் பிடித்தபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, கண் திருஷ்டி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. குழந்தைகளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்கிற வார்டில் நர்ஸாக இருக்கிறேன், இதையெல்லாம் நம்பினால் அங்கே ஒரு ஷிஃப்ட் கூடத் தாண்ட முடியாது. மேற்கு மாம்பலம் வீட்டில் என் மாமியார் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வாசலில் வைத்தால், ஜூஸாவது போட்டிருக்கலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி அடையாறு பக்கம். தேவி என்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு நுரையீரலில் ஒரு பகுதி பிறவியிலேயே பலூன் மாதிரி ஊதிப்போய், நன்றாக இருந்த மீதியையும் அமுக்கிக்கொண்டிருந்தது. பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் இளைக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம் அது, புருஷன் மட்டும் இன்னும் மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறார். டாக்டர் அந்த ஊதின பகுதியை எடுத்துவிட்டார், ஆபரேஷனும் நல்லபடியாகவே முடிந்தது.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தையின் நெஞ்சில் ஒரு குழாய் வைத்து, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீருக்குள் விட்டிருப்போம். உள்ளே தேங்கும் காற்றும் நீரும் அதன் வழியாக வெளியே வந்துவிடும். குழந்தை மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். குழந்தையின் முகத்தைவிட அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம்.

மறுநாள் மத்தியானம் மூச்சை எண்ணப் போனேன். குழந்தையின் நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்குகிறது, கைக்குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும். தண்ணீரோ ஆற அமர ஏறி இறங்குகிறது, பெரியவர்கள் மூச்சு விடுவதுபோல. குழாயைத் தடவிப் பார்த்தேன், பாட்டிலை மாற்றினேன், அப்படியும் அதே வேகம்தான். டாக்டர் வந்து பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார், குழாயில் ஏதாவது லேசாக அடைத்திருக்கும், கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் தேவியைக் கவனித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் மூச்சை இழுக்கும்போது தண்ணீர் ஏறியது, விடும்போது இறங்கியது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிசகவே இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது, சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"மா, கொஞ்சம் மூச்சப் புடிங்க."

"நான் இன்னாத்துக்கு சிஸ்டர்?" என்றாள், ஆனால் கண்ணைத் திறக்காமலே பிடித்தாள்.

தண்ணீர் நின்றது. அதுவாவது பரவாயில்லை, குழந்தையின் நெஞ்சும் நின்றது. அழவில்லை, துடிக்கவில்லை, இழுத்த மூச்சோடு அப்படியே இருந்தது. மானிட்டர் கத்துவதற்கு முன்பே, விடுங்க, விடுங்க என்று தேவியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் விட்டாள், குழந்தையும் விட்டது.

டாக்டரிடம் குழந்தை மூச்சு நின்றதை மட்டும் சொன்னேன். மயக்க மருந்துக்குப் பிறகு சின்னக் குழந்தைகள் சில நேரம் அப்படி நிறுத்தும் என்றார். உண்மைதான், நானே எத்தனையோ அம்மாக்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாயந்திரம் பாஸை மாற்றிக்கொள்ள தேவியின் புருஷன் கேட்டில் வந்து நின்றார். ஒரு குழந்தைக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், அவர் உள்ளே வந்தால் இவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் மூச்சு முட்ட நசுங்கிக்கொண்டு பெரும்பாக்கம் வரைக்கும் இவள் போவதை நினைத்தேன். எல்லோரிடமும் ரூல் பேசுகிற நான், செக்யூரிட்டியிடம் சண்டை போட்டு இரண்டு பேரையும் உள்ளே வைத்துக்கொண்டேன். செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விடிந்து பார்த்தபோது தண்ணீர் குழந்தையின் வேகத்துக்கே படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு குழாயை எடுத்தோம், வீட்டுக்கும் போய்விட்டார்கள். நடந்ததைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, தேவியிடம் சுத்தமாக இல்லை.

போன மாதம் செக்கப்புக்கு வந்திருந்தார்கள். குழந்தை இப்போது நடக்கிறது, வார்டில் ஒரு பொருளை விட்டுவைக்கவில்லை. எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது, பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பல்லாவரம் பக்கம் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கடலில் குளிக்கப் போகிறார்களாமே, நீங்களும் போங்களேன், பாலவாக்கம் பீச் பக்கம்தானே என்று பேச்சுவாக்கில் சொன்னேன். தேவி தலையை ஆட்டினாள்.

"வேணா சிஸ்டர். அலை மூஞ்சில அட்ச்சா மூச்சு நின்னுடும். நான் இப்பல்லாம் தலைக்கு ஊத்திக்கறப்பகூட மூச்சப் புடிக்கிறது இல்ல."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது, நான் இரண்டு பேர் மூச்சையும் எண்ண ஆரம்பித்தேன்.