வேண்டுமென்றே சொல்லிக்கொடுத்த பிழை

கிளிநொச்சியில் நாங்கள் குடியேறிய புதிது. கயிறிழுப்புப் போட்டியில் என்னைச் சேற்றில் விழுத்திய பக்கத்து வயல்காரன் மாணிக்கம், என் மாமனார் பார்த்திருக்க, "உவன்ர வயித்துக்குள்ள கூழ்தான் கிடக்கு" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து தினமும் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, பத்து இறாத்தல் தராசுப் படிக்கல்லை நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டபடி மெதுவாக எழும்பிப் பழகினேன். அடுத்த வருடப் போட்டியில் அவனை விழுத்தினேன். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

மறுநாள் அவனே வந்தான். "உன்ர வயிறு இரும்பாக் கிடக்கு. எப்பிடியடா?"

"காலை நீட்டிப் படு. கல்லைப் பிடரிக்குப் பின்னால பிடி. மூச்சை அடக்கிக்கொண்டு வெடுக்கெண்டு எழும்பு."

அத்தனையும் பிழை. தெரிந்தேதான் சொன்னேன்.

பத்து நாளில் அவன் இடுப்புப் பிடித்துப் பாயில் விழுந்தான். விதைப்புக் காலத்தில் அவன் மனைவி தனியாக வயலில் நின்றாள். பார்த்து மகிழத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், முடியவில்லை.

"நீ சரியாத்தான் சொல்லித் தந்தனீ. நான்தான் அவசரப்பட்டுப் பிழையாச் செய்துபோட்டன்" என்றான்.

அந்தப் போகம் முழுவதும் அவன் வயலில் நான் உழைத்தேன். அவன் குணமாகி, என்னைத் தன் சிநேகிதன் என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மையை மட்டும் இன்றுவரை அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை.