மச்சான் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை

மச்சானின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். எல்லைக்கு அந்தப்புறம் எலப்புள்ளிப் பக்கம் நெல் விவசாயம். நெஞ்சுவலி வந்து பிழைத்தபின், ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒன்று விழுங்குவார். மாதாமாதம் அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகப்போக மறைக்கத் தோன்றும்.

கடைவாய்ப் பல் இரண்டு போனதும், அந்த இடத்தில் நிலையான பல் பதிக்க, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போனேன். தாடையை ஸ்கேன் எடுத்து, கணினியில் அளந்து, பற்களின்மேல் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் அச்சே செய்து வைத்திருந்தார்கள். துளையிடும் கருவி அந்த அச்சின் ஓட்டை வழியாகத்தான் இறங்குமாம், மயிரிழை பிசகாதாம். கேட்டதுமே எனக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது. பல் அவருடையது, வேர்வை என்னுடையது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

படிவத்தோடு வந்த நர்ஸ் மச்சானிடம், "சர்க்கரை, பிரஷர் இருக்குதுங்களா? ரத்தம் உறையாம இருக்க மாத்தரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மச்சானின் கை பைக்குப் போனது. அதற்குள் நான், "இவருக்கு இருக்கற ஒரே நோவு எங்கக்காதானுங்க! அதுக்கு இன்னும் மாத்தரை கண்டுபிடிக்கலீங்க" என்றேன். காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். மச்சினன் கேலி செய்தால் முகம் சுளிக்காமல் சிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மச்சானும் சிரித்தார். கை இறங்கிவிட்டது. அப்போதே நான் திருத்தியிருக்கலாம். சிரிப்பு அடங்கிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

துளையிட்ட இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாய் நிறையப் பஞ்சோடு கிடந்த மச்சான் அந்த அட்டையை எடுத்து, டாக்டரிடம் நீட்டாமல், என் கையில் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா இருதய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொட்டிருப்பனே" என்றார். நான் தலை சுற்றிக் கீழே விழுந்தேன். சிவந்த பஞ்சை மாற்ற ஒருவர், எனக்குச் சோடா உடைக்க ஒருவர். தையல் போட்டு அழுத்திப் பிடித்து, சாயங்காலம்தான் நின்றது. வீட்டில் அக்கா கேட்டபோது மச்சான், "நாந்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

போன வாரம் அதே ஆஸ்பத்திரி. இந்த முறை பல் என்னுடையது, துணைக்கு வந்தவர் மச்சான். அதே நர்ஸ், அதே கேள்வி. நான் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாக்கு நுனியில் ஒரு கேலி தயாராக இருந்தது. மச்சானைப் பார்த்தேன். பதிலுக்குக் கேலி செய்து பழி தீர்க்க அவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"அவசரமில்ல மாப்ள. நெனச்சுப் பாத்துச் சொல்லு" என்றார்.

என் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.